நாட்பட்ட தோள்வலிக்கு இணையவழி இயன்முறைச் சிகிச்சை

மூன்று மாதங்களுக்கு மேல் தொடரும் தோள்பட்டை வலியை, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் காணொளி அழைப்பின் வழியே பரிசோதித்து, அந்த நோயாளியின் தோளுக்கும் வேலைக்கும் வீட்டுக்கும் ஏற்ற பயிற்சிகளை வகுத்து, அவற்றின் அளவை அவ்வப்போது மாற்றித் தரும் சிகிச்சை முறை இது. மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் முதலிய கருவிச் சிகிச்சைகளுக்கு இதில் இடமில்லை. அதனால் பெரிய இழப்பும் இல்லை. தோளின் தசைநாண் கோளாறுகளில் அக்கருவிகள் தரும் கூடுதல் பயனுக்கு ஆதாரம் மெலிந்தே இருக்கிறது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது உலகெங்கும் இம்முறை வேகமாகப் பரவியது. மருத்துவமனைகள் தொலைவில் இருக்கும் ஆஸ்திரேலியா, கனடா போன்ற பரந்த நாடுகளில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது ஆராயப்பட்டு வந்தது.

தோளும் அதன் வலியும்

உடலிலேயே மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு தோள்மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியிருக்கிறது. குழி சிறியது என்பதால் மூட்டை நிலைநிறுத்தும் பொறுப்பு பெரும்பாலும் தசைகளைச் சேர்ந்தது. அந்த உருண்டைத் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளைச் சுழற்சித் தசைத்தொகுதி என்பர். கையை முழுவதுமாகத் தலைக்கு மேல் தூக்கும்போது ஏறத்தாழ 120 பாகை அசைவு தோள்மூட்டிலும், மீதி 60 பாகை முதுகில் வழுக்கிச் சுழலும் தோள்பட்டை எலும்பிலும் நிகழ்கிறது. இந்தக் கூட்டு அசைவில் எது பின்தங்கினாலும் பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுப்பதும், பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பதும் வேதனையாகும்.

நாட்பட்ட தோள்வலியில் இரண்டு நிலைகள் மிகப் பரவலானவை. ஒன்று, சுழற்சித் தசைநாண்களின் நோவு. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது வலிக்கும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கெடும். மற்றொன்று உறைதோள். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கி, தோள் எந்தப் பக்கமும் திரும்பாமல் இறுகிவிடும். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934இல் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடமும், பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் பல மடங்கு அதிகம். எனவே தோள் இறுகியிருக்கிறது என்று வருபவரிடம் சர்க்கரை அளவைக் கேட்காத சிகிச்சையாளர் பாதி வேலையை விட்டுவிட்டார் என்றே சொல்லவேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று கேட்டவுடன் கையை அசைக்கவே பயப்படுபவர்கள் ஏராளம். தோளில் எந்த வலியும் இல்லாதவர்களைப் படமெடுத்து 1995இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 60 வயதைக் கடந்தவர்களில் 54 விழுக்காட்டினருக்குச் சுழற்சித் தசைநாணில் பகுதிக் கிழிசலோ முழுக் கிழிசலோ இருந்தது. கிழிசல் இருப்பதாலேயே வலி அதிலிருந்துதான் வருகிறது என்று ஆகிவிடாது. முதல் அழைப்பிலேயே நோயாளிக்கு விளங்கும்படி இதைச் சொல்லிவிடுவது நல்ல சிகிச்சையாளரின் வழக்கம். பயம் நீங்கினால்தான் கை அசையும்.

ஆதாரம்

தோள்முனை எலும்பு தசைநாணை உரசுவதே வலிக்குக் காரணம் என்று 1972இல் சார்லஸ் நீர் முன்வைத்த கருத்தையொட்டி, அந்த எலும்பைச் செதுக்கும் அறுவைச் சிகிச்சை பல பத்தாண்டுகள் நடந்தது. 2018இல் லான்செட் இதழில் வெளியான பிரித்தானியச் சோதனையில், எலும்பைச் செதுக்கியவர்களும், உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் தையலிட்டவர்களும் ஒரே அளவு நலம் பெற்றனர். அதே ஆண்டு பின்லாந்துச் சோதனையொன்றும் இதே முடிவைத் தந்தது. எனவே கவனம் பயிற்சியின் பக்கம் திரும்புகிறது.

இணையவழி முறைக்கு மிகவும் பொருத்தமான சான்று வேறொரு பிரித்தானியச் சோதனையில் இருக்கிறது. சுழற்சித் தசைத்தொகுதிக் கோளாறு உள்ள 708 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு ஆறு அமர்வுகள் வரை நேரடிப் பயிற்சி. மறு சாராருக்கு ஒரேயொரு ஆலோசனை அமர்வும், வீட்டில் தாமே செய்யும் பயிற்சிகளும். 2021இல் முடிவு வெளியானபோது, ஓராண்டின் இறுதியில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. வரவேற்பறையில் காத்திருந்து ஆறு முறை போய்வருவது குணத்தின் அளவுகோல் இல்லை என்பது இதில் தெளிவாகிறது. நாட்பட்ட தோள்வலிக்கு எண்ணிமவழிச் சிகிச்சையையும் நேரடிச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2023இல் வெளிவந்த சோதனையிலும் இரண்டும் சமமாகவே நின்றன. அது 82 பேரிடம் நடந்த சிறிய சோதனை என்பதை நினைவில் வைத்தே படிக்கவேண்டும்.

முதல் அழைப்பு

கைபேசியை இடுப்பு உயரத்தில், ஏழெட்டு அடி தள்ளிச் சாய்த்து வைத்து, வெளிச்சம் முன்னாலிருந்து விழும்படி நிற்கவேண்டும். தோள்பட்டை தெரியும்படி கையில்லாத பனியனோ தளர்ந்த மேலாடையோ போதும். கையை முன்னால், பக்கவாட்டில், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்லி, முன்னிருந்தும் பின்னிருந்தும் பார்ப்பார்கள். தூக்கும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறதா, உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறதா என்பதெல்லாம் திரையில் நன்றாகவே தெரியும்.

உறைதோளைப் பிரித்தறியும் சோதனைக்கு வீட்டுக் குடை போதும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, குடையின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, நல்ல கையால் வலிக்கும் கையை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளவேண்டும். தானாக அசைக்க முடியாவிட்டாலும் தள்ளினால் போகிறது என்றால் தசைநாண் பக்கம் சந்தேகம் திரும்பும். தள்ளியும் நகராமல் ஓரிடத்தில் முட்டி நின்றால் உறைதோளாக இருக்கலாம். முதியவரின் தோளில் எலும்புத் தேய்மானமும் இப்படியே முட்டும். அதைப் பிரித்துச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும்.

வலியும் இயலாமையும் எவ்வளவு என்று கணக்கிட 13 கேள்விகள் கொண்ட தோள்வலி, இயலாமை அளவீடு பயன்படுகிறது. தலைக்குக் குளிப்பது, முதுகு தேய்ப்பது, உயரத்தில் பொருள் வைப்பது என்று அன்றாட வேலைகளையே அது கேட்கும். 1991இல் ஆங்கிலத்தில் உருவான இந்த அளவீட்டின் தமிழ் வடிவம் முறையாகச் சோதிக்கப்பட்டு 2012இல் வெளியானது. தமிழ் நோயாளியிடம் ஆங்கிலப் படிவத்தை அங்கேயே வாய்மொழியாக மாற்றிக் கேட்கவேண்டிய தேவை அதன்பின் இல்லை.

அளவே மருந்து

தோளுக்கான பயிற்சிகளின் பட்டியல் சிறியது. எந்த நூலிலும் கிடைக்கும். தனிப்பட்ட சிகிச்சை என்பது எதை, எத்தனை முறை, எவ்வளவு பாரத்தோடு, எப்போது கூட்டுவது என்ற முடிவுகளில் அடங்கியிருக்கிறது. பதிவுசெய்த காணொளிகளை வரிசையாக அனுப்பிவிட்டு, மறுபடி எட்டிப் பார்க்காத செயலிகளைத் தனிப்பட்ட சிகிச்சை என்று விற்பது தவறு.

வலி கடுமையாக உள்ள தொடக்க நாட்களில், முழங்கையை மடித்துச் சுவரில் புறங்கையை அழுத்திப் பிடிப்பதுபோன்ற அசைவில்லாப் பயிற்சிகள் தரப்படும். குனிந்து நின்று கையைத் தளர்வாக ஆடவிடும் காட்மன் பயிற்சியும் உண்டு. அடுத்து, மேசைமேல் துணியை வைத்துக் கையை முன்னோக்கி வழுக்குவது, விரல்களால் சுவரேறுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலிழுப்பது. அதன்பின் பாரம்: அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி அரைக் கிலோ, ஒரு லிட்டர்ப் புட்டி ஒரு கிலோ. ரப்பர் பட்டையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாற இழுவை கூடும்.

எப்போது கூட்டுவது என்பதற்குச் சிகிச்சையாளர்கள் பலர் கையாளும் விதி எளியது. பயிற்சியின்போது பத்துக்கு நாலு, ஐந்து வரை வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் அடுத்த படி; இறங்காவிட்டால் முந்தைய படி. உறைதோளின் வலிமிகுந்த கட்டத்தில் இந்த வரம்பை இன்னும் கீழே வைப்பார்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் அது மேலும் சீறும். தசைநாண் மெதுவாகவே வலுப்பெறும் என்பதால் பன்னிரண்டு வாரமாவது தொடரவேண்டும். உறைதோள் தணிய ஓராண்டு முதல் மூன்றாண்டு வரைகூட ஆகலாம்.

சிகிச்சையை வீட்டுச் சூழலுக்குப் பொருத்துவதில் திரைவழி முறை நேரடி முறையைவிட ஒருபடி மேல். நோயாளி தினமும் எட்டும் அலமாரியும், கணினி வைத்திருக்கும் மேசையும், படுக்கும் கட்டிலும் சிகிச்சையாளரின் கண்முன் இருக்கின்றன. அரிசி டப்பாவை மார்பு உயரத்துக்கு இறக்கிவைக்கச் சொல்லலாம். மல்லாந்து படுக்கும்போது வலிக்கும் கையின் கீழ் மடித்த போர்வை வைப்பதை அங்கேயே காட்டித் திருத்தலாம்.

எங்கே நிறுத்தவேண்டும்

தொட்டறிவது திரையில் இயலாது. மூட்டின் இறுக்கத்தைக் கையால் உணர்வதும், தசை வலுவைத் துல்லியமாக அளப்பதும் நேரில்தான். விழுந்து அடிபட்டபின் கை தூக்கவே முடியாமை, மூட்டு நழுவியது போன்ற தோற்றம், காய்ச்சலோடு சூடான வீக்கம், புதிய கட்டி, காரணமற்ற எடைக்குறைவு, கையில் பரவும் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்த தோள்வலி மாரடைப்பாக இருக்கலாம். அப்போது காணொளி அழைப்பைத் துண்டித்து 108ஐ அழைப்பதே முறை. பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாகத் தெரிவதும் உண்டு.

உறைதோளுக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடர்பவர்களும் இருக்கிறார்கள். தொடக்க வலிக்கு அது உதவும். சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் அந்த வாரம் அளவைக் கவனித்துவரவேண்டும்.

கைபேசியைக் கையாள இயலாத முதியவர்களுக்கு வீட்டாரின் துணை தேவை. அதுவும் அமையாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அளவீட்டு மதிப்பெண் அசையாவிட்டால், நேரடிப் பரிசோதனைக்கும் தேவையானால் படமெடுப்புக்கும் எலும்பு மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம்.