சராசரியா, பெரும அளவா? வடசென்னைக் காற்று அட்டவணைகளில் தொகுப்பு மதிப்பின் வரலாறு

குறுக்கு அட்டவணையில் நிரைகளும் நிரல்களும் அமைந்த பிறகும் ஒரு முடிவு பாக்கியிருக்கும். ஒரு கட்டத்தில் குவியும் பல அளவீடுகளுக்குப் பதிலாக எந்த ஒற்றை எண்ணை இடுவது? சராசரியா, பெரும அளவா, வெறும் எண்ணிக்கையா? கணினி விரிதாளில் பிவட் டேபிள் போடுவோர் ஒரு சொடுக்கில் தேர்ந்துகொள்ளும் இந்தத் தொகுப்பு மதிப்புதான், வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர், மணலி வட்டாரத்துக் காற்றைப் பற்றி அரசு ஆவணங்கள் என்ன சொல்லும் என்பதைத் தீர்மானித்து வந்துள்ளது.

1. சராசரியின் காலம்

தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி ஆகிய இடங்களில் காற்று மாதிரி எடுக்கப்பட்டது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம். ஆண்டுக்கு 104 அளவீடுகள் என்பது விதி. அத்தனையும் ஓர் ஆண்டுச் சராசரிக்குள் அடங்கிவிடும்.

அந்தச் சராசரியை எதனோடு ஒப்பிடுவது என்பதை 1994 தேசியக் காற்றுத் தரநிலை இடத்தின் வகையைப் பார்த்து முடிவு செய்தது. மிதக்கும் துகள்களுக்கான ஆண்டு வரம்பு, கன மீட்டருக்குத் தொழிற்பகுதியில் 360 மைக்ரோகிராம், குடியிருப்பில் 140. சராசரி 300 என்று வைத்துக்கொண்டால், தொழிற்பகுதி என்று எழுதிய நிரையில் அது வரம்புக்குள். குடியிருப்பு என்று எழுதிய நிரையில் வரம்பைப்போல் இருமடங்குக்கு மேல். ஆலைகளுக்கு நடுவே மக்கள் குடியிருக்கும் திருவொற்றியூருக்கு இந்தப் பிரிவினை பொருந்தவே இல்லை. 2009 நவம்பரில் வந்த புதிய தரநிலை அதைக் கைவிட்டது. பி.எம். 2.5 நுண்துகளுக்கு இரு பகுதிகளுக்கும் ஒரே வரம்பு: ஆண்டுச் சராசரி 40, நாள் சராசரி 60.

2. பெரும அளவின் வரவு

அதே 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கான ஒருங்கிணைந்த மாசுக் குறியீட்டை வெளியிட்டது. காற்று, நீர், நிலம் ஆகிய மூன்றின் மதிப்பெண்களை அது சராசரியாக்கவில்லை. மூன்றில் மிக மோசமானதை அடிப்படையாக வைத்து, மற்ற இரண்டையும் கொண்டு அதை உயர்த்தியது. மணலி 76.32 பெற்று, 70ஐத் தாண்டிய 'மிகத் தீவிர மாசுப் பகுதி'களில் ஒன்றானது. 2018இல் அதன் மதிப்பெண் 84.15.

2015இல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தரக் குறியீடும் இவ்வழியையே பின்பற்றியது. எட்டு மாசுகளின் துணைக் குறியீடுகளில் எது மிக அதிகமோ அதுவே அன்றைய குறியீடு. எண்ணிக்கைக்கும் இதில் இடமுண்டு: குறைந்தது மூன்று மாசுகளுக்கு, 16 மணி நேரத் தரவு இல்லையேல் குறியீடு கணக்கிடப்படாது.

3. எஞ்சிய இடைவெளி

பெரும அளவு பெரிதும் ஆள்வது மாசுகளுக்கிடையேதான். காலத்தின் போக்கில் இன்னும் பெரும்பாலும் சராசரியே ஆள்கிறது. அம்மோனியாவுக்கு உள்ளவை நாள் வரம்பும் (400) ஆண்டு வரம்பும் (100) மட்டுமே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினர். ஆலையருகே கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் பதிவானதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அந்த அளவு ஒரு மணி நேரம் நீடித்து, மற்ற 23 மணி நேரமும் பூஜ்யம் என்று கொண்டால் நாள் சராசரி வெறும் 87. அட்டவணையைப் பொறுத்தவரை அது நல்ல நாள்!

முடிவுரை

ஒரே எண்ணால் நீண்டகாலச் சுமையையும் திடீர்க் கசிவையும் ஒருசேரக் காட்ட முடியாது. வடசென்னைக்கான ஒவ்வொரு காற்று அட்டவணையிலும் சராசரி, ஒரு மணி நேரப் பெரும அளவு, அளவீடுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து அச்சிட வேண்டும். அம்மோனியாவுக்கு ஒரு மணி நேர வரம்பும் வகுக்கப்பட வேண்டும்.