இரு சாட்சிகள்

கோடானுகோடி விண்மீன்கள் கூடியது ஒரு விண்மீன் மண்டலம். அத்தகைய மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் ஒருங்கு திரண்டிருப்பதை மண்டலக் கொத்து என்கிறோம். அக்கொத்தின் நிறையை அறிஞர்கள் அளந்த வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

1933-ஆம் ஆண்டில் பிரிட்ஸ் சுவிக்கி என்னும் வானியல் அறிஞர் கோமா கொத்தை ஆராய்ந்தார். அங்குள்ள மண்டலங்கள் விரையும் வேகத்தை நோக்கின், ஒளிரும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டி நிறுத்தப் போதாது. ஆகவே, ஒளிராத பொருள் ஏராளமாக இருத்தல் வேண்டும் என்றார் அவர்.

ஈர்ப்பு ஒளியையும் வளைக்கும் என்பது ஐன்ஸ்டீன் கொள்கை. அங்ஙனமாயின், பெருநிறையுடைய மண்டலம் தனக்குப் பின்னுள்ள பொருளின் ஒளியை வளைத்து, கண்ணாடி வில்லைபோல் பணிபுரியுமன்றோ? 1937-இல் சுவிக்கி இதனையும் எடுத்துரைத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஏபெல் 370 என்னும் கொத்தில் நீண்டு வளைந்த ஒளிக்கீற்று ஒன்று காணப்பட்டது. அது வெகுதொலைவில் பின்னே இருக்கும் ஒரு மண்டலத்தின் வளைந்த உருவமே என்பது 1988-இல் உறுதியாயிற்று. முதற் சாட்சி கிடைத்தது.

இரண்டாம் சாட்சி அதற்கு முன்பே வந்திருந்தது. 1970 டிசம்பரில் கென்யக் கடலோரத்திலிருந்து உகூரு என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கொத்துகளில் மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்தும் எக்ஸ்-கதிர் வருவதை அது காட்டியது. அங்கே கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு நிறைந்துள்ளது. அதனைச் சிதறாமல் பிடித்து வைக்கவும் பெரும் ஈர்ப்பு வேண்டும்.

இவ்விரு சாட்சிகளும் ஒரு தன்மையன அல்ல. ஒளிவளைவு நம் பார்வைக்கோட்டிலுள்ள நிறை முழுவதையும் கூட்டிச் சொல்லும். எக்ஸ்-கதிரோ வாயு செறிந்த இடத்தையே மிகுத்துக் காட்டும். அடர்த்தி 2 மடங்கானால் கதிர் 4 மடங்காகும். கொத்து அமைதியாகத் திரண்டிருப்பின் இரண்டும் பெரும்பாலும் ஒத்துச் சொல்லும். மோதிக் கலைந்திருப்பின் முரண்படும்.

அம்முரணே உண்மையை உணர்த்திற்று. தோட்டாக் கொத்து என்பது இரு கொத்துகள் மோதி ஊடுருவிய இடம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி, மோதிய வாயு தடைப்பட்டு இடையே தங்கிவிட்டதைக் காட்டியது. சாதாரணப் பொருளில் பெரும்பகுதி அவ்வாயுவே. ஆயினும், 2006-இல் வெளியான ஆய்வில், ஒளிவளைவு சுட்டிய பெருநிறை வாயுவோடு இல்லை; தடையின்றிக் கடந்து சென்ற மண்டலங்களோடு இருபுறமும் இருந்தது. சுவிக்கி கூறிய ஒளிராத பொருளுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மாணவர்களே, இரண்டு அளவுகள் ஒவ்வாதபோது ஒன்றைப் பொய்யென ஒதுக்கிவிடாதீர்கள். ஏன் ஒவ்வவில்லை என்று கேளுங்கள். அப்பொருள் யாது என்பது இன்னும் விளங்காத புதிர். விடை காணும் பணி உங்கள் தலைமுறைக்கும் உரியது.