அடித்த வரிகளில் ஒரு பறவை

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்த புதிதில் கீழ்வீட்டு தாதா கொடுத்தது. தாகூரின் கையெழுத்துப் பக்கம் ஒன்றின் அச்சு. சில வரி வங்காளக் கவிதை, நடுநடுவே வேண்டாமென்று அடித்த சொற்கள், அந்த அடித்தல்களையெல்லாம் கோடுகளால் இணைத்ததில் நீண்ட அலகோடு ஏதோ ஒரு பறவை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, குழந்தை கிறுக்கினதுக்குப் போய் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே?" என்றாள்.

கிறுக்கல்தான். இப்படிக் கிறுக்குவதில் தீவிரமானபோது அந்தக் குழந்தைக்கு வயது 63 :-)

1924-ல் பெரு நாட்டு சுதந்திர நூற்றாண்டு விழாவுக்குக் கிளம்பிய தாகூர் கப்பலிலேயே காய்ச்சலில் விழுந்தார். பியூனஸ் அயர்ஸில் இறங்கியதோடு பயணம் நின்றது. அவர் எழுத்தைப் பிரெஞ்சில் படித்து உருகியிருந்த விக்டோரியா ஒகாம்போ, ஊருக்கு வெளியே சான் இசித்ரோவில் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டில் அவரைத் தங்கவைத்தார். ஏறக்குறைய இரண்டு மாதம். அந்தப் பயணத்தில் எழுதிய கவிதைகள் பலவும் 1925-ல் 'பூரபி' தொகுப்பில் வந்தன. 'விஜயா' என்று பெயரிட்டு ஒகாம்போவுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

ஒகாம்போவுக்கு வங்காளம் தெரியாது. அதனால்தானோ என்னவோ, மேஜைமேல் கிடந்த நோட்டைப் பார்த்ததும் அவர் கண் கவிதையை விட்டுவிட்டு அடித்தல்களில் போய் நின்றது. தாகூர் அதற்கு முன்பும் இப்படி வரைந்ததுண்டு. அடித்த சொற்கள் பக்கத்தில் அசிங்கமாகக் கிடப்பது பொறுக்காமல் அவற்றைக் கரையேற்றவே கோடு இழுத்ததாகவும், பல சமயம் கவிதையைவிட இதற்கே அதிக நேரம் போனதாகவும் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆபீஸ் மீட்டிங்கில் நோட்டு ஓரத்தில் பூ போடுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இன்னொரு புத்தகத்தையும் சொல்லவேண்டும். சீனாவிலும் ஜப்பானிலும் போன இடமெல்லாம் விசிறியையும் கைக்குட்டையையும் நீட்டி இரண்டு வரி எழுதித் தரக் கேட்டார்கள். அந்தக் குறுங்கவிதைகளை அவர் கையெழுத்திலேயே அச்சிட ஜெர்மனியில் வசதி கிடைத்தது. சிறப்பு மையால் அலுமினியத் தகட்டில் எழுதினால் போதும், அதிலிருந்தே பிரதிகள் எடுக்கலாம். நடுவில் ஈய எழுத்துக் கோர்க்கும் வேலையே கிடையாது. 1926 நவம்பரில் ஹங்கேரியின் பாலடான்ஃபுரெத் ஊரில் சிகிச்சையில் இருந்தபோது முன்னுரை எழுதினார். அதுதான் 'லேகன்'. கையெழுத்தில்தான் ஆளோடு நேருக்கு நேர் பழக முடியும், அச்சு அதைக் கெடுத்துவிடுகிறது என்பது அவர் கட்சி.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் புத்தகத்தில் இருந்த சில கவிதைகள் அவருடையவையே அல்ல, பிரியம்பதா தேவி என்ற கவிஞருடையவை! பிறகு தாகூரே அதை எழுத்தில் ஒப்புக்கொண்டார். கையெழுத்து சொந்தக்காரரையே ஏமாற்றிவிட்டது.

1930 மே மாதம் பாரிஸ் பிகால் கேலரியில் அவருடைய ஓவியங்களின் முதல் கண்காட்சி நடந்தது. ஒகாம்போதான் ஓடியாடி சில நாட்களிலேயே இடம் பிடித்துக்கொடுத்தார். அப்புறம் லண்டன், பெர்லின், மாஸ்கோ. 1941-ல் இறப்பதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேல் வரைந்து தள்ளிவிட்டார். என்னைக் கேட்டால் அந்த வண்ண ஓவியங்களைவிட நோட்டுப் பக்கங்களே உசத்தி. ஓவியத்தில் முடிவு மட்டும்தான் தெரிகிறது. நோட்டிலோ மனிதர் தடுமாறிய இடமும் சேர்ந்து தெரிகிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2013-ல் 'விசித்ரா' என்று இணையத்தில் போட்ட தொகுப்பில் கையெழுத்துப் பிரதிகள் குவிந்து கிடக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் ஒகாம்போ மாதிரி பார்க்கலாம்.

என் பெண் பிறந்தது இங்கேதான். ஹால் படத்தில் இருப்பதைக் கடகடவென்று படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. குற்றம் என்னுடையதுதான், ஞாயிற்றுக்கிழமை பாடம் மூன்று வாரத்தோடு நின்றுபோயிற்று.

போன மாதம் டிரங்குப் பெட்டியைக் குடைந்தவள் அப்பா எனக்கு எழுதிய இன்லண்டு லெட்டர் ஒன்றை எடுத்துவந்தாள். 1998, அப்பா போவதற்கு முந்தைய வருஷம். நடுவில் ஒரு வரியை மை கொட்டினாற்போல் மொத்தமாக அடித்திருந்தார்.

"இதுலேயும் பறவை இருக்காப்பா?"

"இல்லைம்மா, தாத்தாவுக்கு வரைய வராது."

"அப்போ என்ன எழுதி அடிச்சிருக்கார்?"

இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். 'உடம்பு' என்ற முதல் சொல் மட்டும் தெரிந்தது. அதை அவளுக்கு எழுத்துக்கூட்டிக் காட்டினேன்.