மர அறுப்புச் சொற்களும் மரத்தின் மீதான உரிமையும்

பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளம் முதல் இடுக்கி மாவட்டத்து மறையூர் வரை ஆனைமலைத் தொடரை ஒட்டி அமைந்த எல்லைப்புறம், தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் நிலப்பகுதியாகும். இங்கு மரத்தைத் தாமே அறுத்து மனை எடுத்தோரின் வரலாறு, அவர்தம் தொழிற்சொற்களிலும் பதிந்துள்ளது. மொழிபெயர்ப்பாளர் அச்சொற்களில் பிழைபடின், மரம் யாருடையது என்னும் செய்தியும் திரிந்துவிடும்.

தேக்கு என்னும் திராவிடச் சொல்லே அம்மரத்தின் உலகப் பெயராயிற்று. மலையாள வடிவத்தினின்று போர்ச்சுக்கீசியர் 'தேக்கா' என வழங்கினர். ஆங்கிலத்தில் அது 'டீக்' ஆனது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலும் உள்ளூர்ப் பெயரையே பதிவு செய்தது. இளைய லின்னேயஸ் 1782-இல் சூட்டிய 'தெக்தோனா' என்னும் பேரினப் பெயர், கிரேக்கத்தில் தச்சனைக் குறிக்கும் 'தெக்தோன்' என்பதனோடு ஒலியால் நெருங்குகிறது.

அறுப்புத் தொழில் காட்டிலேயே தொடங்கியது. நிற்கும் தேக்கின் அடிப்பட்டையை வளையமாக வெட்டி உலரவிட்டு, பின்னர் வீழ்த்துவர். கோடரியால் செதுக்கிய மரத்தைக் குழியின் மேல் கிடத்தி, நூலடித்துக் கோடு காண்பர். மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று நெடிய வாளை இழுப்பர். இவ்வினையைக் குறித்த 'ஈர்' என்னும் வேர் தமிழில் 'ஈர்வாள்' என நூல்வழக்கில் தங்க, மலையாளத்தில் 'ஈர்ச்ச' எனப் பேச்சிலும் வாழ்கிறது. தமிழ்ப் பேச்சில் 'அறுப்பு' அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும் 'வாள்பட்டறை' என்னும் வழக்கில், வாள் என்பதன் தொழிற்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது.

உத்தரத்திற்கும் நிலைக்கும் மரத்தின் உள்வைரமே உரியது. தொல்காப்பிய மரபியல் 'அகக்காழ்' உடையதனை மரம் என வரையறுக்கிறது. மலையாளத்தில் அவ்வுட்பகுதி 'காதல்' எனப்படும். தமிழர்க்கு அச்சொல் அன்பைக் குறிப்பதால் 'வைரம்' என்றே பெயர்த்தல் வேண்டும். 'ஈட்டி' என்பதும் ஆயுதமன்று, தோதகத்தி மரமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல்துறைக்குச் சென்றது. மரங்களைச் சரிவில் நழுவவிட்ட இடம் 'டாப்சிலிப்' என ஆங்கிலப் பெயரே பெற்றது. கொச்சி அரசு 1907-இல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்தில் இயக்கிய டிராம் பாதை, 1963-இல் மூடப்படும் வரை காட்டு மரத்தை இருப்புப்பாதை வழியே வெளியுலகிற்கு அனுப்பியது. மரம் வளர்ந்த இடம் வேறு, அது மனையாகும் இடம் வேறு என்னும் நிலை இவ்வாறு வலுத்தது.

இதற்கு முன்னரே திருவிதாங்கூர் அரசு தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவற்றை மன்னர்க்குரிய மரங்களாக்கியிருந்தது. மன்னராட்சி மறைந்த பின்னும் அக்கருத்து மறையவில்லை. 1964-ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகள், குடியேறியோர்க்குப் பட்டா வழங்கியபோதும் இத்தகைய மரங்களை அரசுக்கென ஒதுக்கின. பட்டாதாரர் தாமே நட்ட மரங்களையும் தாமாக முளைத்தவற்றையும் சந்தனம் நீங்கலாக வெட்டலாம் என 2020 அக்டோபரில் கேரள வருவாய்த் துறை ஆணையிட்டது. அது தவறாகப் பயன்படுத்தப்படுவதாகப் புகார் எழவே, 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. தன் நிலத்து மரத்தை அறுத்துத் தன் வீட்டுக்கு நிலை அமைக்க விழையும் இடுக்கி உழவர்க்கு, நிலவுரிமையும் மரவுரிமையும் ஒன்றாக இருந்ததில்லை.

இவ்விதிகளைத் தமிழாக்குவோர் 'ராஜகீய விருட்சம்' என்பதனை 'அரச மரம்' எனப் பெயர்ப்பின், படிப்போர் ஆற்றங்கரைப் பிள்ளையாருக்கு நிழல் தரும் மரத்தையே எண்ணுவர். 'அரசுரிமை மரம்' என்பதே பொருந்தும். அத்தொடரில்தான் உழவர் இழந்த உரிமை இன்னதென்பது புலப்படும்.