நெஞ்சுப் படத்தின் செலவும் பயனும்: பெருந்தொற்றுக் காலத்தில் வளைகுடாவின் கணக்கு

கத்தார் தலைநகர் தோஹாவின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் ஒன்று நஜ்மா. பழைய மரச்சாமான்கள் கைமாறும் சூக் ஹராஜ் சந்தை இருக்கும் இப்பகுதியில், தெற்காசியத் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் பெருமளவில் வசிக்கின்றனர். ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொள்வது இங்கு வழமை.

2020ஆம் ஆண்டு கோவிட்-19 பரவியபோது, இத்தகைய பகுதிகளிலிருந்து காய்ச்சலோடும் இருமலோடும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் மருத்துவர்கள் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வந்தவரை மருத்துவமனையில் சேர்ப்பதா, தனிமைப்படுத்தும் மையத்துக்கு அனுப்புவதா, அல்லது அறைக்கே திருப்பி அனுப்புவதா என்பதே அந்த முடிவு.

அதற்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் எந்த அளவுக்கு உதவுகின்றன, அந்த உதவி செலவுக்குத் தகுந்ததா என்பது உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. அடுத்த பெருந்தொற்றின்போதும் இதே கேள்வி எழும்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

மருத்துவப் பொருளியலில் செலவு-பயன் கணக்கு என்பது, ஒரு முறைக்குப் பதிலாக இன்னொன்றைக் கையாள்வதால் ஏற்படும் கூடுதல் செலவை, அதனால் கிடைக்கும் கூடுதல் நலனோடு ஒப்பிடுவதாகும். நல்ல உடல்நிலையுடன் வாழும் ஓராண்டு என்பது அந்த நலனை அளக்கும் அலகு. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, அத்தகைய ஓராண்டைப் பெற 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவிடுவதை நீண்ட காலம் ஏற்கத்தக்க எல்லையாகக் கொண்டிருந்தது.

ஆனால் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ தானாக எவரையும் குணப்படுத்துவதில்லை. மருத்துவரின் முடிவை அது மாற்றினால் மட்டுமே நோயாளிக்கு நலன் கிடைக்கும். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சிகிச்சை ஒன்றுதான் என்றால், அந்தப் படம் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் வீண் செலவே.

சோதனை இல்லாத நாட்கள்

2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது, விரைவான ஆய்வுக்கூடச் சோதனை பரவலாகக் கிடைக்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியாவின் அறிகுறிகள், நோயாளியை வகைப்படுத்துவதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறையிலேயே இடம்பெற்றன.

2020 பிப்ரவரியில் சீனாவின் ஹூபே மாகாணமும் ஏறத்தாழ அதே நிலையில் இருந்தது. பிசிஆர் சோதனைக் கருவிகள் போதாமல், ஸ்கேன் படத்தையும் நோய்க்குறிகளையும் கொண்டே நோயாளிகள் கணக்கிடப்பட்டனர். இம்முறை நடைமுறைக்கு வந்த நாளில் மட்டும் அங்கு 14,840 புதிய நோயாளிகள் பதிவாயினர். அவர்களில் 13,332 பேர் இவ்வாறு கண்டறியப்பட்டவர்கள்.

அதே மாதம் வூஹான் நகரின் 1,014 நோயாளிகளைப் பற்றி வெளியான ஓர் ஆய்வு, பிசிஆர் சோதனையில் 59 விழுக்காட்டினருக்குத் தொற்று தெரிந்ததாகவும், சிடி ஸ்கேனில் 88 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தெரிந்ததாகவும் கூறியது. இதைக் கொண்டு ஸ்கேனே சிறந்த சோதனை என்று பலர் முடிவுகட்டினர். ஆனால் அதே ஆய்வில், பிசிஆர் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தவர்களில் நான்கில் மூவருக்கு ஸ்கேன் படம் நோய் இருப்பதாகக் காட்டியது. இந்தத் தகவல் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

நூறு பேரில் எத்தனை பேர்?

பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பீடு நிதானமான சித்திரத்தைத் தந்தது. நோயுள்ளவர்களைச் சரியாகக் கண்டறிவதில் சிடி ஸ்கேனின் திறன் சுமார் 87 விழுக்காடு. நோயில்லாதவர்களைச் சரியாக விலக்குவதில் சுமார் 78 விழுக்காடு. எக்ஸ்ரேக்கு இவ்விரண்டுமே சுமார் 73 விழுக்காடு.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் 100 பேரில் 20 பேருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே அவர்களில் சுமார் 15 பேரைக் கண்டுபிடிக்கும். சிடி ஸ்கேன் 17 பேரைக் கண்டுபிடிக்கும். தொற்றில்லாத 80 பேரில் எக்ஸ்ரே சுமார் 21 பேரையும், ஸ்கேன் சுமார் 17 பேரையும் தவறாக நோயாளிகள் என்று காட்டும்.

ஆக, விலை கூடிய ஸ்கேனால் கூடுதலாகக் கண்டறியப்படுவோர் இரண்டு அல்லது மூன்று பேர்தான். படத்தை மட்டும் நம்பினால், தொற்றில்லாத 17 பேர் தொற்றுள்ளவர்களின் வார்டில் படுக்க வேண்டிவரும். அங்கு அவர்களுக்கு உண்மையாகவே தொற்று ஏற்பட்டால், அதுவும் செலவுக் கணக்கில் சேர வேண்டியதே.

பில்லில் வராத செலவுகள்

ஸ்கேன் எடுக்கும் நேரம் சில நிமிடங்களே. ஆனால் தொற்றுள்ள ஒருவருக்கு எடுத்த பின் அறையைச் சுத்திகரித்து, காற்று முழுமையாக மாறும் வரை காத்திருக்கும்போது, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை அந்த அறை பயன்படாமல் போகலாம் என்று அமெரிக்க கதிரியக்கவியல் கல்லூரி 2020 மார்ச்சில் எச்சரித்தது. அந்த நேரத்தில் பக்கவாதத்தோடும் விபத்துக் காயத்தோடும் வருபவர்கள் காத்திருக்க நேரிடும். சிடி ஸ்கேனை முதல்நிலைச் சோதனையாகப் பயன்படுத்தக்கூடாது என்று அக்கல்லூரி கூறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவசர சிகிச்சைப் பிரிவின் நெரிசலே தொற்றைப் பரப்பும் என்பதை வளைகுடாப் பிரதேசம் முன்பே கண்டிருக்கிறது. மெர்ஸ் நோய் 2012இல் சவூதி அரேபியாவில் முதலில் கண்டறியப்பட்டது. 2015இல் ரியாத் நகரின் மன்னர் அப்துல் அஸீஸ் மருத்துவ நகரத்தில் அந்நோய் பரவியபோது, உறுதி செய்யப்பட்டவர்களும் தொற்றியிருக்கக்கூடும் என்று கருதப்பட்டவர்களுமாக 130 பேர் பாதிக்கப்பட்டனர். அவசர சிகிச்சைப் பிரிவையே மூட நேர்ந்தது. அதே ஆண்டு தென் கொரியாவில், சோல் நகர மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்று ஏற்பட்டது.

எனவே நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டு செல்வதை விட, நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவியை அவரது படுக்கைக்குக் கொண்டு வருவது பாதுகாப்பானது. படத்தின் துல்லியம் குறைவாக இருக்கலாம்; மொத்தக் கணக்கில் அதுவே லாபமாகலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்

2020 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல் இரண்டு கேள்விகளைத் தெளிவாகப் பிரித்தது. தொற்று இருக்கிறதா என்பது முதலாவது. பிசிஆர் முடிவு உரிய நேரத்தில் கிடைக்குமானால் இதற்குப் படம் தேவையில்லை. சோதனை வசதி இல்லாதபோதும், முடிவு தாமதமாகும்போதும், முடிவு இல்லை என்று வந்தும் சந்தேகம் வலுவாக இருக்கும்போதும் படம் எடுக்கலாம்.

நோயாளியை எங்கே வைத்துப் பராமரிப்பது என்பது இரண்டாவது கேள்வி. வீட்டுக்கு அனுப்புவதா, வார்டில் சேர்ப்பதா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதா என்று தீர்மானிக்கையில், மற்ற பரிசோதனைகளோடு படத்தையும் பயன்படுத்தலாம் என்றது அந்த வழிகாட்டல். சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் அது மறைக்கவில்லை.

இந்தியாவில் நடந்தது

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் இரண்டாம் அலை வீசியபோது இந்த வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்பட்டது. இலேசான காய்ச்சல் உள்ளவர்களும் ஸ்கேன் மையங்களின் முன்னே வரிசையில் நின்றனர். 25க்கு எத்தனை மதிப்பெண் என்பது குடும்பங்களின் அன்றாடப் பேச்சானது. மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பரிலேயே ஸ்கேன் கட்டணத்துக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை உச்சவரம்பு விதிக்க வேண்டியிருந்தது.

ஒரு சிடி ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்ரேக்களுக்குச் சமமான கதிர்வீச்சைத் தரும் என்று, அப்போது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா 2021 மே மாதம் எச்சரித்தார். நவீன கருவிகளில் அது 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்கே சமம் என்று இந்தியக் கதிரியக்கவியலாளர் சங்கம் மறுத்தது. கருவியையும் ஸ்கேன் எடுக்கும் முறையையும் பொறுத்துக் கதிர்வீச்சின் அளவு பெரிதும் மாறுபடும். எனினும், இலேசான நோய்க்கு ஸ்கேன் தேவையில்லை என்ற அடிப்படையில் இரு தரப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

நஜ்மாவில் கணக்கு ஏன் மாறுகிறது?

இலேசான நோயுள்ளவர் வீட்டில் தனித்திருக்கலாம் என்பது மேற்கத்திய நாடுகளின் பல வழிகாட்டல்களுக்கு அடிப்படையான அனுமானம். பலர் ஒரே அறையில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் இடத்தில் அந்த அனுமானம் நிற்பதில்லை.

கத்தார் அரசு 2020 மார்ச் 17 அன்று தோஹாவின் தொழிற்பேட்டைப் பகுதியில் ஒன்று முதல் 32 வரையிலான தெருக்களை மூடியது. அங்குள்ள ஹஸ்ம் மெபைரீக் மருத்துவமனை கோவிட் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை நாட்டின் உடலுழைப்புத் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்ட இரத்த ஆய்வில், 55 விழுக்காட்டினரின் உடலில் நோய் எதிர்ப்பான்கள் காணப்பட்டன. சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளிலும், அங்கிருந்தோரில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு உள்ளாகியிருந்ததாக 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் இளவயதினர் என்பதால் மரணங்கள் குறைவாகவே இருந்தன. கத்தாரில் பதிவான கோவிட் மரணங்களின் மொத்த எண்ணிக்கை 700ஐ எட்டவில்லை. வயது குறைந்தவர்களிடையே பரவலாக ஸ்கேன் எடுத்தால், ஒரு உயிரைக் காக்க எடுக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாகிவிடும் என்பதையே இது காட்டுகிறது. இங்கு முதல் தேவை விரைவான சோதனையும் தனிமைப்படுத்தும் படுக்கையும். மூச்சுத்திணறலோ, ஆக்சிஜன் குறைவோ, நீரிழிவு போன்ற கூடுதல் ஆபத்தோ உள்ளவர்களுக்குப் படம் எடுப்பதே செலவுக்குத் தகுந்த பயனைத் தரும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இவை எல்லாவற்றையும் விட மலிவானது. ஆனால் கறுத்த தோல் உள்ளவர்களிடம் அது ஆக்சிஜன் அளவை உண்மையை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று எச்சரித்தது. அளவு சரியாக இருந்தும் மூச்சு வாங்குபவருக்கு எக்ஸ்ரே அவசியமாவது இத்தகைய இடத்தில்தான்.

யாருடைய செலவு என்பதும் முக்கியம். தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் உள்ள கத்தாரில், 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் மாதம் 1,000 ரியால். நாட்டின் வருமானத்தை வைத்துப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் தொகை, ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளிக்குப் பெருஞ்சுமை. கோவிட் சிகிச்சையைக் கத்தார் அரசு இலவசமாக வழங்கியதால், நோயை மறைக்கும் தூண்டுதல் ஓரளவு குறைந்தது.

பழைய தழும்பும் புதிய அச்சமும்

வளைகுடாவுக்குச் செல்லும் தமிழருக்கு நெஞ்சு எக்ஸ்ரே புதிதல்ல. புறப்படும் முன் அங்கீகரிக்கப்பட்ட மையத்திலும், போய்ச் சேர்ந்த பின் மீண்டும் ஒருமுறையும் காசநோய்க்காகப் படம் எடுக்கப்படுகிறது. எப்போதோ குணமான காசநோயின் தழும்பு கூடத் தகுதியின்மைக்குக் காரணமாகலாம். இதனால் எக்ஸ்ரே என்றாலே வேலை போய்விடுமோ என்ற அச்சம் பலரிடம் உண்டு. அந்த அச்சத்தால் ஒருவர் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தால், மலிவான எக்ஸ்ரே போதுமாயிருந்த நோய், தீவிர சிகிச்சை வரை முற்றிவிடலாம்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. நோயற்ற காலத்தில் எடுத்த படம் கையில் இருந்தால், புதிய நிழல் எது, பழைய தழும்பு எது என்று மருத்துவரால் எளிதில் பிரித்தறிய முடியும். அதனால் ஒரு ஸ்கேன் தவிர்க்கப்படவும் கூடும். எனவே விசாவுக்காக எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது செலவில்லாத முன்னெச்சரிக்கை.

அடுத்த பெருந்தொற்று எந்த உறுப்பைத் தாக்கும் என்று கூற இயலாது. அது நுரையீரலைத் தாக்குவதாக இருந்தால், எத்தனை ஸ்கேன் கருவிகள் இருக்கின்றன என்பதை விட, படம் பார்த்த பின் நோயாளியை அனுப்புவதற்கு எத்தனை தனி அறைகள் இருக்கின்றன என்பதே நஜ்மா போன்ற பகுதிகளில் வாழ்பவர்களுக்கு முக்கியமாக இருக்கும்.