ஆணைப் பெண்ணாக்கும் பாக்டீரியா: 'பில் பக்' உடலுக்குள் நடப்பது என்ன?

தொட்டால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் 'பில் பக்', பார்க்கப் பூச்சி போலத்தான் இருக்கும். ஆனால் இது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் பரவலாக வாழும் 'ஆர்மடில்லிடியம் வல்கரே' என்ற பில் பக் வகையில், சில தாய்களுக்குப் பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை பெண்கள். காரணம், தாயின் உடலில் குடியிருக்கும் 'வோல்பாச்சியா' என்ற பாக்டீரியா.

ஏன் பெண்ணாக மாற்றுகிறது?

வோல்பாச்சியா தாயின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. விந்தணு வழியாகப் போவதில்லை. ஆணின் உடலில் மாட்டிக்கொண்டால் அதன் கதை அங்கேயே முடிந்தது. அதனால் பெண்கள் அதிகமானால்தான் அதற்கு லாபம்.

எப்படி மாற்றுகிறது?

பில் பக்கில் இரண்டு 'இசட்' குரோமோசோம் இருந்தால் ஆண். ஒரு 'இசட்', ஒரு 'டபிள்யூ' இருந்தால் பெண். ஆனால் ஆண் உடல் உருவாக, ஆண் ஹார்மோனைச் சுரக்கும் 'ஆண்ட்ரோஜெனிக் சுரப்பி'யும் வளர வேண்டும். இறால், நண்டு இனங்களுக்கே உரிய இந்தச் சுரப்பி 1954-ல் பிரான்சில் கண்டறியப்பட்டது. வோல்பாச்சியா இதை வளரவிடாமல் தடுக்கிறது. அவ்வளவுதான்! மரபணுவில் ஆணாக உள்ள குஞ்சு, பெண்ணாக வளர்ந்து முட்டையும் இடுகிறது.

ஆண்களே இல்லாமல் போய்விடாதா?

முட்டை கருவுற ஆண் வேண்டும். ஆண்கள் அடியோடு அழிந்தால் பாக்டீரியாவும் சேர்ந்தே அழியும். ஆனால் எல்லா முட்டைக்குள்ளும் பாக்டீரியா போய்ச் சேர்வதில்லை. தப்பிய முட்டைகளிலிருந்து ஆண்கள் வருகின்றன. இருந்தாலும் ஆண்களுக்குத் தட்டுப்பாடுதான். போதாக்குறைக்கு, அந்த ஆண்களும் மாற்றப்பட்ட பெண்களைவிட இயல்பான பெண்களையே அதிகம் நாடுகின்றன.

காணாமல் போன குரோமோசோம்

இதன் பெரிய பாதிப்பு பல தலைமுறைக்குப் பிறகே தெரியும். தொற்று பரவிய கூட்டங்களில் 'டபிள்யூ' குரோமோசோமே மறைந்துவிடுகிறது. மரபணுப்படி எல்லாமே ஆண்; பாக்டீரியா இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண். அதாவது குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது பில் பக்கின் குரோமோசோம் அல்ல, ஒட்டுண்ணி!

பாக்டீரியா இல்லாத சில கூட்டங்களிலும் பெண்களே அதிகம். ஏன் என்பதற்கு பிரான்சின் புவாத்தியே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் விடை தந்தனர். வோல்பாச்சியாவின் டிஎன்ஏ-வில் ஒரு பெரிய துண்டு பில் பக்கின் குரோமோசோமிலேயே ஒட்டிக்கொண்டு, புதிய 'டபிள்யூ' போல வேலை செய்கிறது. பாக்டீரியா போன பிறகும் அது விட்டுச்சென்ற டிஎன்ஏ பெண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது.