ஓலையும் ஒரு சாட்சி

1993ஆம் ஆண்டு. பத்திரிகைத் துறைக்குள் நான் நுழைந்து ஓராண்டு கூட நிறைவடையாத காலம். மலையகக் கூத்துகள் பற்றிக் கட்டுரை எழுதும் நோக்குடன் வட்டகொடைப் புகையிரத நிலையத்தில் இறங்கி, தேயிலை மலையேறி, ஒரு தோட்டத்து லயத்தை அடைந்தேன். அங்கு கூத்து வாத்தியாராக விளங்கிய முதியவர், சாமிப் படங்களுக்குப் பின்னாலிருந்து சிவப்புத் துணியில் சுற்றிய ஓலைச்சுவடி ஒன்றை எடுத்துவந்தார்.

"எங்க பாட்டன் இந்தியாவுல இருந்து கொண்டாந்த ஏடு, தம்பி. அவரு எந்த ஊருன்னு எங்கப்பாவுக்கே சரியாத் தெரியாது" என்றார்.

அது அருச்சுனன் தபசு. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. மஞ்சளும் எண்ணெயும் புகையும் ஏறி ஓலை கறுத்துப் போயிருந்தது. தமிழைப் பாடமாகப் பயின்ற பட்டதாரி என்ற தோரணையில், "அச்சில் வந்துவிட்ட கதைதான் ஐயா, புதிதாக ஒன்றுமில்லை" என்று தீர்ப்புக் கூறினேன். சில பாடல்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பினேன்.

மறு ஆண்டு அம்முதியவர் காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது ஏட்டைப் பற்றிக் கேட்டேன். ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் விட்டுவிட்டதாக அவருடைய மகன் கூறினார். "எல்லாம் புத்தகத்துல இருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றும் கேட்டார். அக்கேள்வி இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

பழைய ஏட்டைப் பிரதி செய்துவிட்டு மூலத்தை நீருக்கோ நெருப்புக்கோ கொடுப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் தீயிலிடப்பட்ட கொடுமையை உ.வே.சாமிநாதையர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். எழுத்தே உயிர், ஓலை வெறும் உடல் என்ற எண்ணமே இவ்வழக்கத்தின் அடிப்படை. அன்று நானும் அவ்வாறே எண்ணினேன். அந்த எண்ணம் தவறானது என்பதைக் கடந்த சில ஆண்டுகளில் உயிரியல் விஞ்ஞானம் நிறுவியிருக்கிறது.

ஐரோப்பாவின் பழைய நூல்கள் பலவும் விலங்குத் தோலில் எழுதப்பட்டவை. அவற்றை வெட்டிச் சோதிக்க எந்த நூலகமும் இடங்கொடாது. இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ஃபிடிமென்ட், மத்தியூ கொலின்ஸ் முதலியோர் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டனர். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்துவது போன்ற அழிறப்பரால் தோலை மெல்லத் தேய்த்தால், அதன் நுண்துகள்கள் அழிறப்பரில் ஒட்டிக்கொள்ளும். அத்துகள்களில் உள்ள புரதத்தை ஆராய்ந்து அது கன்றா, செம்மறியா, வெள்ளாடா என்று சொல்லிவிடலாம். 13ஆம் நூற்றாண்டின் சிறிய விவிலியப் பிரதிகள் முயல், அணில் போன்றவற்றின் தோலாலானவையாக இருக்கலாம் என்ற பழைய ஐயம் 2015இல் இம்முறையால் நீங்கியது. அவ்வாறு எதுவும் இல்லை. எல்லாம் கன்று, ஆடு ஆகியவற்றின் தோலே.

ஆயிரம் ஆண்டு பழைமையான யோர்க் சுவிசேஷ நூலின் ஆய்வு 2017இல் வெளிவந்தது. குருமார் சத்தியப் பிரமாணம் செய்து முத்தமிட்ட பக்கங்களிலேதான் மனித உடலுக்குரிய நுண்ணுயிர்களின் தடயங்கள் மிகுந்திருந்தன. தொட்டவர்கள் மறைந்தாலும் தொடுகை மறையவில்லை.

என்னை மிகவும் உலுக்கியது சாக்கடல் சுருள்கள் பற்றிய 2020ஆம் ஆண்டு ஆய்வாகும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஓடெட் ரெகாவி முதலியோர் அச்சுருள் துண்டுகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை செம்மறித் தோல் எனத் தெரிந்தது. ஆனால் எரேமியா நூலின் சில துண்டுகள் மாட்டுத் தோலில் இருந்தன. யூதேயாப் பாலைவனத்தில் மாடு வளர்ப்பது கடினம். ஆகவே அத்துண்டுகள் வேறெங்கோ எழுதப்பட்டு அங்கு கொண்டுவரப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதினர். எழுத்து சொல்லாத ஒரு பயணத்தைத் தோல் சொல்லிவிட்டது.

இதைப் படித்தபோது என் மனம் வட்டகொடைக்கே ஓடியது. பாலைவனத்தில் மாடு இல்லாததுபோல, 4,000 அடிக்கு மேலுள்ள அம்மலையில் பனை இல்லை. ஓலைக்குரிய மற்றொரு மரமான தாளிப்பனையும் அங்கு வளர்வதில்லை. அதைக் காண மலையிறங்கிப் பேராதனைப் பூங்காவுக்கு வரவேண்டும். அப்படியானால் எங்கள் லயங்களில் இருந்த ஒவ்வோர் ஏடும் எங்கள் முன்னோரைப் போலவே வந்தேறிய பயணிதான். பனையோலை தடித்தது, தாளியோலை மெல்லியது, நெகிழ்வானது. அந்த வேறுபாட்டைக்கூட அன்று நான் பார்க்கவில்லை.

ஜேர்மனியின் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில், உணவுப் பொருள் எங்கு விளைந்தது என்று கண்டறியும் முறைகளைக் கொண்டு, ஓலைச்சுவடிகள் எப்பகுதியைச் சேர்ந்தவை என்று அறியும் முயற்சி மேற்கொள்ளப்பட்டுள்ளது. இது இன்ன கிராமத்துப் பனை என்று விரல் சுட்டிச் சொல்லுமளவுக்கு விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதாக நான் கூறமாட்டேன். ஆயினும் சோதிப்பதற்கு ஓலை இருந்தாலல்லவா, நாளை அக்கேள்வியைக் கேட்கவாவது முடியும்?

எங்கள் மக்களுக்கு இது வெறும் ஆராய்ச்சிச் சுவை அன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தைவழியினர் இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. கடதாசி இல்லாத காரணத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை கணக்கில் இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எங்கிருந்து வந்தோம், எப்போது வந்தோம் என்பதற்கு ஆவணம் தேடி அலைந்த ஒரு சமூகத்தில், ஆவணமாகவே இருந்த ஒரு பொருளை ஆற்றில் விடக் காரணமாக இருந்தவன் நான்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த சுவடிகளை எண்ணி இன்றும் வருந்துகிறோம். அது பிறர் செய்த அழிவு. நாமே அறியாமல் செய்யும் அழிவை யாரிடம் முறையிடுவது?

இப்போது ஏடுகளைப் படமெடுத்து மின்வடிவில் சேமிக்கும் பணிகள் நடைபெறுகின்றன. மிகவும் போற்றத்தக்க பணிகள். ஆனால் படம் எழுத்தைத்தான் காக்கும். பூச்சி அரித்த துளையையும், பூசிய மஞ்சளையும், புரட்டிய விரலின் வியர்வையையும் அது காக்காது. ஆதலால், வீட்டில் ஏடு வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். படமெடுத்தபின் மூலத்தை எறிந்துவிடாதீர்கள். உதிர்ந்த துணுக்குகளைக் கூட்டித் தள்ளாமல் ஒரு கடதாசி உறையில் இடுங்கள். தகுந்தவர்களைக் கேளாமல் புதிதாக எண்ணெய் பூசாதீர்கள். பூசியிருந்தால் எப்போது, எதைப் பூசினீர்கள் என்று எழுதி வையுங்கள். யார் கொண்டுவந்தது, யார் படித்தது என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் உடன் வையுங்கள்.

வட்டகொடையில் நான் பிரதி செய்த குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள பாடல்கள் எல்லாம் அச்சுப் புத்தகத்திலும் இருக்கின்றன. அந்தப் பாட்டன் எந்த ஊர் என்பது மட்டும் இரண்டிலும் இல்லை.